ஒரே பெயருக்குப் பின்னால் மூன்று நியூஸ் சர்வர்: கூட்டத்தைப் பிரிப்பது எப்படி?

தாரை:

எல்லோருக்கும் வணக்கம். யூஸ்நெட் (இணையத்தின் பழைய பொது விவாதக் குழுக்கள்) குழுக்களுக்கு ஒரு சின்ன நியூஸ் சர்வர் சேவையைப் பார்த்துக்கொள்கிறேன். டெக்ஸ்ட் குழுக்கள் மட்டும்தான், பைனரி கிடையாது. 2024 பிப்ரவரி 22-லிருந்து கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டைக் கைகழுவிவிட்டதா, அதற்கப்புறம் அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதி ஒழுங்கான நியூஸ் ரீடர் மென்பொருளோடு எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். ஒரு சர்வர் போதவில்லை என்று இன்னும் இரண்டு சேர்த்தோம். மூன்றிலும் ஐஎன்என் என்ற நியூஸ் சர்வர் மென்பொருள் ஓடுகிறது. இரண்டு ஒரே டேட்டா சென்டரில், மூன்றாவது வேறு இடத்தில். மூன்றும் வெளியே இருக்கும் பியர்களிடமிருந்து (பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் மற்ற நியூஸ் சர்வர்கள்) தனித்தனியாக ஃபீட், அதாவது புதுப் பதிவுகளின் வரத்து, வாங்குகின்றன.

இப்போதைக்கு டிஎன்எஸ்-ல் ஒரே பெயருக்கு மூன்று ஐபி முகவரி கொடுத்து வைத்திருக்கிறேன், ரவுண்ட் ராபின், அதாவது முறைவைத்து ஒவ்வொன்றாக. அதில் இரண்டு தொல்லை. ஒன்று, பாரம் சமமாகப் பிரியவே மாட்டேன் என்கிறது, முதல் சர்வரில் என்என்ஆர்பிடி பிராசஸ் (ஐஎன்என்-ல் ஒவ்வொரு வாசகரின் இணைப்பையும் கவனிப்பது) குவிந்து கிடக்கும்போது மூன்றாவது சர்வர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது இன்னும் மோசம். பயனர்களிடமிருந்து ஒன்றுக்கொன்று நேர் எதிரான புகார்கள் வருகின்றன. "நேற்று படித்து முடித்த குழு முழுக்க மறுபடி புதிதாகக் காட்டுகிறது" என்று ஒருவர், "ஒரு வாரமாக எந்தக் குழுவிலும் ஒரு பதிவுகூட வரவில்லை, செத்துவிட்டதா?" என்று இன்னொருவர். நான் போய்ப் பார்த்தால் மூன்று சர்வரிலும் பதிவுகள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கின்றன.

முன்னால் ஒரு ஹெச்ஏபிராக்ஸியை (இணைப்புகளை வாங்கிப் பல சர்வருக்குப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்) வைத்து ரவுண்ட் ராபின் போட்டால் இரண்டும் சரியாகுமா? இல்லை வேறு வழி இருக்கிறதா? வெப் சர்வருக்கு இதையெல்லாம் செய்து பழக்கம், நியூஸ் சர்வர் எனக்குப் புதிது.


இரவுப்பணி:

முதல் தொல்லைக்கு மட்டும் சொல்கிறேன். டிஎன்எஸ் ரவுண்ட் ராபினை நம்பாதீர்கள். ரிசால்வர் ஒரு பதிலைப் பிடித்து வைத்துக்கொண்டால் டிடிஎல் (அந்தப் பதிலின் ஆயுள்) முடியும்வரை அதன் பின்னால் இருக்கிற எல்லோருக்கும் பெரும்பாலும் அதே பதில்தான். அதோடு சில இயங்குதளங்கள் வந்த முகவரிகளை ஆர்எஃப்சி 6724 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிற விதிப்படி தாங்களாகவே வரிசைப்படுத்திக்கொள்ளும், நீங்கள் எந்த வரிசையில் அனுப்பினாலும் அவர்களுக்கு எப்போதும் ஒரே முகவரிதான் மேலே நிற்கும். உங்கள் முதல் சர்வர் வழிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஹெச்ஏபிராக்ஸி வையுங்கள், ஆனால் ரவுண்ட் ராபின் வேண்டாம், லீஸ்ட்கான் (இணைப்பு குறைவான சர்வருக்கு அனுப்பும் முறை) போடுங்கள். வெப்பில் ஒரு கோரிக்கை வரும், போகும். நியூஸ் சர்வரோடு பேசுகிற நெறிமுறையான என்என்டிபி அப்படி இல்லை, ஒருவர் காலையில் இணைந்தால் மதியம்வரை அதே டிசிபி இணைப்பில் இருப்பார். ஒருமுறை எந்த சர்வரில் விழுந்தாரோ அதில்தான் கிடப்பார், நடுவில் நகர்த்த முடியாது. அதனால் இணைகிற அந்த நொடியில் யாரிடம் இணைப்புகள் குறைவோ அவரிடம் தள்ளுவதுதான் நம்மால் செய்ய முடிந்தது. மோடு டிசிபி என்று போட மறக்காதீர்கள். அப்புறம் டைம்அவுட். வெப்புக்கு வைக்கிற மாதிரி ஒரு நிமிடம் வைத்தால் நீளமான பதிவைப் படித்துக்கொண்டிருப்பவரை பாதியில் அறுத்துவிடும். என்என்டிபி-யின் தர ஆவணமான ஆர்எஃப்சி 3977-ன்படி சும்மா இருக்கிற இணைப்பை மூன்று நிமிடத்துக்கு முன்னால் வெட்டக்கூடாது. ஐஎன்என்-ல் கிளையன்ட்டைம்அவுட் 1800 விநாடி இருக்கும், பிராக்ஸியில் அதைவிடக் கொஞ்சம் கூட வைத்துவிட்டால் வெட்டுவது எப்போதும் சர்வராகவே இருக்கும், குழப்பம் இல்லை.


பழைய ஃபீடர்:

இரவுப்பணி சொன்னதில் தப்பில்லை, ஆனால் தாரை அதை மட்டும் செய்தால் இரண்டாவது தொல்லை இன்னும் பெரிதாகும். இப்போது டிஎன்எஸ் ஒருவரை ஏறத்தாழ ஒரே சர்வரிலேயே ஒட்டி வைத்திருக்கிறது, எப்போதாவதுதான் மாறுகிறார். லீஸ்ட்கான் போட்டால் ஒவ்வொரு இணைப்புக்கும் மாறுவார். புகார் எப்போதாவது வருவது போய் தினமும் வரும்.

விஷயம் இதுதான். ஒரு பதிவுக்கு இரண்டு அடையாளம் உண்டு. மெசேஜ் ஐடி உலகம் முழுக்க ஒன்று. ஆர்ட்டிகிள் எண் அந்தந்த சர்வர் தன் வாசலில் கொடுக்கிற டோக்கன், முதலில் வந்த பதிவுக்கு முதல் எண், அவ்வளவுதான். உங்கள் மூன்று சர்வரும் தனித்தனியாக ஃபீட் வாங்குவதால் ஒரே பதிவுக்கு மூன்று இடத்தில் மூன்று எண். ஆனால் நியூஸ் ரீடர் மென்பொருள் எதை எதைப் படித்தாகிவிட்டது என்பதை மெசேஜ் ஐடியாகக் குறித்து வைப்பதில்லை. அது தன் கணக்கை வைத்திருக்கும் நியூஸ்ஆர்சி கோப்பைத் திறந்து பாருங்கள், குழுவின் பெயர், பக்கத்தில் 1-42050 என்று ஓர் எண் வரிசை, வேறொன்றும் இருக்காது.

உதாரணத்துக்கு ஒரு குழுவை எடுங்கள். முதல் சர்வரில் குரூப் கட்டளை கொடுத்தால்

211 1840 40211 42050

என்று பதில் வருகிறது. 1840 பதிவுகள், 40211-லிருந்து 42050 வரை. அதே குழுவை மூன்றாவது சர்வரில் கேட்டால்

211 1835 97602 99436

என்று வருகிறது. இரண்டும் சரியான பதில்தான், இரண்டிலும் இருப்பது கிட்டத்தட்ட அதே பதிவுகள்தான். இப்போது முதல் சர்வரில் 42050 வரை படித்தவர் மறுநாள் மூன்றாவதில் போய் விழுகிறார். அவருடைய மென்பொருள் பார்க்கிறது: நான் படித்தது 42050 வரை, இங்கே 97602-ல் தொடங்குகிறது, அப்படியென்றால் எல்லாமே புதிது. இது உங்கள் முதல் புகார். மூன்றாவதில் 99436 வரை படித்தவர் முதல் சர்வருக்கு வந்தால்? அங்கே உச்சமே 42050. எல்லாம் படித்ததாகக் கணக்காகி, குழு காலியாகத் தெரியும். புது எண் 99436-ஐத் தாண்டுகிறவரை, அதாவது பல வருடங்களுக்கு, அவருக்கு ஒன்றுமே தெரியாது. இது இரண்டாவது புகார். இரண்டும் ஒரே கோளாறுதான்.

இன்னும் ஒன்று. பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று இணைப்பு திறக்கும். லீஸ்ட்கான் அவற்றை வெவ்வேறு சர்வருக்கு அனுப்பிவிட்டால் முதல் இணைப்பில் எக்ஸ்ஓவர் என்ற கட்டளையால் தலைப்புப் பட்டியலை வாங்கும், பயனர் ஒரு தலைப்பைச் சொடுக்குவார், இரண்டாவது இணைப்பு வழியாக ஆர்ட்டிகிள் 42047 என்று கேட்கும், அந்த சர்வர் 423 என்று பதில் சொல்லும், அந்த எண்ணில் இங்கே பதிவே இல்லை என்று. பட்டியலில் இருக்கிறது, திறந்தால் இல்லை. பயனர் உங்களைத்தான் திட்டுவார்.

ஆகவே பிராக்ஸியை அப்புறம் பார்க்கலாம். முதலில் மூன்று சர்வரிலும் ஒரே எண் வரவேண்டும். ஐஎன்என்-ல் இதற்கென்றே எக்ஸ்ரெஃப்ஸ்லேவ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, ஐஎன்என்-ன் அமைப்புக் கோப்பான இன்.கான்ஃப்-ல் ட்ரூ என்று போட்டால் அந்த சர்வர் தானாக எண் போடுவதை நிறுத்திவிட்டு, வருகிற பதிவின் எக்ஸ்ரெஃப் தலைப்பில் மேலே உள்ள சர்வர் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். ஒரு சர்வரை மாஸ்டர் ஆக்குங்கள். வெளி பியர்கள் எல்லாம் மாஸ்டரோடு மட்டும் பேசட்டும், மற்றவை, அதாவது ஸ்லேவ்கள், மாஸ்டரிடமிருந்து மட்டும் ஃபீட் வாங்கட்டும். வேறெங்கிருந்தும் வாங்கக்கூடாது, வேறு சர்வர் போட்ட எண் உள்ளே நுழைந்தால் எல்லாம் கலந்துவிடும். ஸ்லேவ்களில் என்என்ஆர்பிடிபோஸ்ட்ஹோஸ்ட் என்ற அமைப்பை மாஸ்டருக்குத் திருப்புங்கள், பயனர் அங்கே எழுதுகிற பதிவும் மாஸ்டரிடம் போய் எண் வாங்கிக்கொண்டுதான் திரும்பி வரவேண்டும்.

மாஸ்டரில் வாசகர்களை விடாதீர்கள். அது ஃபீட் வாங்கவும் எண் போடவும் மட்டும் இருக்கட்டும். இன்னொரு சின்ன பெட்டி கிடைத்தால் நல்லது, டெக்ஸ்ட் குழுக்களுக்கு மட்டும் என்றால் அதற்குப் பெரிய வேலை ஒன்றும் இருக்காது.


தாரை:

ஐயா, தலை சுற்றியது நின்றுவிட்டது. மாஸ்டருக்கு ஒரு பழைய பெட்டியை ஒதுக்கிவிடலாம். கேட்க இரண்டு இருக்கிறது. ஹெச்ஏபிராக்ஸி முன்னால் வந்துவிட்டால் யார் படிக்கலாம் என்று சொல்லும் ரீடர்ஸ்.கான்ஃப்-ல் ஐபி முகவரியை வைத்து நான் போட்டிருக்கிற அனுமதியெல்லாம் என்ன ஆகும்? எல்லாரும் பிராக்ஸியின் முகவரியிலிருந்து வருகிற மாதிரித்தானே தெரியும்? அப்புறம், மாஸ்டர் விழுந்தால் மொத்தமும் விழுந்துவிடாதா?


கயிறு:

ஐபி கேள்விக்கு நான். பிராக்ஸியே வேண்டாம், பாரம் பிரிக்க எல்விஎஸ் போதும். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதில் டைரக்ட் ரவுட்டிங் முறையில் வைத்தால், பாக்கெட்டின் மேக் முகவரியை மட்டும் மாற்றி உள்ளே இருக்கும் சர்வருக்குத் தள்ளிவிடும், ஐபியைத் தொடாது. என்என்ஆர்பிடி பயனரின் உண்மையான முகவரியையே பார்க்கும், ரீடர்ஸ்.கான்ஃப்-ல் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். இதைவிடப் பெரிய லாபம் திரும்பிப் போகிற பாதையில். நியூஸ் படிப்பது ஒருவழிப் பாரம். பயனர் அனுப்புவது ஆர்ட்டிகிள் இத்தனை என்று ஒரு வரி, சர்வர் திருப்பி அனுப்புவது முழுப் பதிவு, அல்லது ஆயிரக்கணக்கான வரி எக்ஸ்ஓவர் பட்டியல். டைரக்ட் ரவுட்டிங்கில் அந்தப் பதில் எல்லாம் டைரக்டர் (எல்விஎஸ் ஓடுகிற முன்பெட்டி) வழியாகத் திரும்பாமல் சர்வரிலிருந்து நேராகப் பயனருக்குப் போய்விடும். முன்னால் நிற்கிற பெட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தாங்கும்.

மறக்கக்கூடாதது ஏஆர்பி, ஓர் ஐபி எந்தப் பெட்டியுடையது என்று நெட்வொர்க்கில் கேட்டுச் சொல்கிற நெறிமுறை. பொது முகவரியை ஒவ்வொரு சர்வரிலும் லூப்பேக்கில் (பெட்டிக்குள்ளேயே இருக்கும் இடைமுகம்) ஏற்றி வைக்கவேண்டும், ஆனால் அவை "அந்த முகவரி நான்தான்" என்று நெட்வொர்க்கில் கத்தக்கூடாது. ஏஆர்பி_இக்னோர் 1, ஏஆர்பி_அனவுன்ஸ் 2. இதை விட்டால் பாதி நேரம் டைரக்டரைத் தாண்டி யாரோ ஒரு சர்வருக்கே எல்லாரும் நேராகப் போவார்கள், பார்க்க வேலை செய்கிற மாதிரியே இருக்கும், அதுதான் எரிச்சல்.

டைரக்டரும் சர்வர்களும் ஒரே லேயர் 2 நெட்வொர்க்கில் இருக்கவேண்டும், அதனால் உங்கள் மூன்றாவது சர்வர் இதற்குள் வராது. அதற்கு எல்விஎஸ்-ன் டன்னல் முறை இருக்கிறது, ஐபி-க்குள் ஐபி சுற்றி அனுப்பும், வேறு நெட்வொர்க்கிலும் நடக்கும். ஆனால் அந்த சர்வர் பொது முகவரியை மூலமாகப் போட்டுப் பதில் அனுப்புவதை அங்கே இருக்கிற ரவுட்டர் அனுமதிக்கவேண்டும், பல இடங்களில் போலி முகவரி என்று தடுத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் மூன்றாவதைத் தனியாக விடுங்கள், டிஎன்எஸ்-ல் இரண்டே முகவரி: ஒன்று எல்விஎஸ், ஒன்று அது. எண்கள் ஒன்றாகிவிட்ட பிறகு யார் எங்கே போய் விழுந்தாலும் கவலை இல்லையே.

யாராவது சோர்ஸ் ஐபியை ஹாஷ் செய்து, அதாவது பயனரின் ஐபியிலிருந்து கணக்கிட்டு, எப்போதும் ஒரே சர்வரில் ஒட்டி வையுங்கள் என்று சொல்வார்கள். எண்கள் வேறு வேறாக இருக்கும்வரைக்கும் அது நல்ல ஒட்டுப்போடல், அவசரத்துக்கு இன்றைக்கே செய்யலாம். நிரந்தரமாக வேண்டாம். மொபைல் இணைப்பில் இருப்பவருக்கு ஐபி மாறிக்கொண்டே இருக்கும், ஒட்டாது. இணைய நிறுவனங்களின் என்ஏடி-க்குப் (பலரை ஒரே ஐபியில் காட்டும் அமைப்பு) பின்னால் நூறு பேர் ஒரே ஐபியில் இருப்பார்கள், நூறு பேரும் ஒரே சர்வரில் ஒட்டிக்கொள்வார்கள். பயனர் பெயரை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அந்தப் பெயர் ஆத்இன்ஃபோ கட்டளையில் இணைப்புக்கு அப்புறம்தான் வருகிறது, அதுவும் 563 போர்ட்டில் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்துக்குள். இடையில் நிற்கிறவனுக்கு அது தெரியாது.


சுருள்வட்டு:

இவ்வளவு சுற்று எதற்கு? மூன்று சர்வரும் ஒரே ஸ்பூலை (பதிவுகள் கிடக்கும் கிடங்கு) என்எஃப்எஸ், அதாவது நெட்வொர்க் கோப்புப் பகிர்வு, வழியாகப் படித்தால் எண்ணும் ஒன்றுதான், பதிவும் ஒன்றுதான். என்எஃப்எஸ்ரீடர், என்எஃப்எஸ்ரைட்டர் என்று ஐஎன்என்-லேயே இருக்கிறது. ஓவர்வியூவுக்கு (தலைப்புப் பட்டியலின் தரவு) ட்ரேட்இண்டெக்ஸ்ட் என்ற வடிவத்தை வைத்தால் போதும்.


பழைய ஃபீடர்:

ஒரே அறையில் இருக்கிற இரண்டு சர்வருக்கு அது நடக்கும், மறுக்கவில்லை. என்எஃப்எஸ் கேஷ் காரணமாக ஒரு சர்வரில் தெரிகிற பதிவு இன்னொன்றில் தெரியாமல் போகக்கூடாது என்று என்எஃப்எஸ்ரீடர்டிலே 60 விநாடி தாமதம் வேறு வைத்திருக்கிறார்கள், அதையும் சகித்துக்கொள்ளலாம். ஆனால் வேறு டேட்டா சென்டரில் இருக்கிற மூன்றாவது சர்வர் ஒவ்வொரு எக்ஸ்ஓவருக்கும் இணையம் தாண்டி என்எஃப்எஸ் படிப்பதை நினைத்துப் பாருங்கள். அதோடு அந்த என்எஃப்எஸ் பெட்டி படுத்தால் படிப்பதும் நின்றுவிடும். எக்ஸ்ரெஃப்ஸ்லேவில் மாஸ்டர் படுத்தாலும் ஸ்லேவ்களிடம் பதிவுகள் அப்படியே இருக்கின்றன, வாசகர்கள் படித்துக்கொண்டே இருப்பார்கள். புதிது வராது, எழுத முடியாது, அவ்வளவுதான். தாரை கேட்டதற்கும் இதுதான் பதில்.

மாஸ்டர் திரும்ப எழவே எழாது என்றால் ஒரு ஸ்லேவைத் தூக்கி மாஸ்டர் ஆக்கலாம், எக்ஸ்ரெஃப்ஸ்லேவை அணைத்துவிட்டு பியர்களை அதன் பக்கம் திருப்பவேண்டும். அதற்குமுன் ஒரு காரியம். பழைய மாஸ்டர் கடைசியாக எண் போட்ட சில பதிவுகள் ஒரு ஸ்லேவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், இன்னொன்றுக்குப் போயிருக்காது. புது மாஸ்டர் அந்த எண்களையே வேறு பதிவுகளுக்குப் போட்டுவிட்டால் சண்டை. அதனால் குழுக்களும் அவற்றின் எண்களும் இருக்கிற ஆக்டிவ் கோப்பில் எல்லாக் குழுவின் உச்ச எண்ணையும் ஆயிரம் கூட்டிவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் இடைவெளி இருந்தால் நெறிமுறைக்கு ஒன்றும் ஆகாது, பதிவு இல்லாத எண்கள் எப்போதுமே உண்டு. எண் தீர்ந்துபோகுமே என்ற கவலையும் வேண்டாம், ஆர்எஃப்சி 3977 தருகிற உச்சம் 2,147,483,647.

இதைவிட நுட்பமான ஒரு வில்லங்கம் இருக்கிறது, ஐஎன்என் கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. மாஸ்டரிலிருந்து ஸ்லேவுக்குப் பதிவுகள் எண் வரிசையிலேயே போகவேண்டும். பதிவுகளை அனுப்புகிற ஐஎன்என் நிரலான இன்ஃபீட் சாதாரணமாக அப்படித்தான் அனுப்பும். ஸ்லேவ் கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் பேக்லாக், அதாவது அனுப்பாமல் தேங்கிய பதிவுகள், சேர்ந்திருக்கும், அப்போது புதுப் பதிவுகளும் பேக்லாக்கில் இருக்கிற பழையவையும் கலந்து வரும். 1050 வந்துவிடும், 1040-லிருந்து 1045 வரை இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து எக்ஸ்ஓவர் கேட்கிறார், நடுவில் ஓட்டை. அவருடைய மென்பொருள் ஓட்டையில் இருப்பதெல்லாம் ரத்தான பதிவு என்று எடுத்துக்கொண்டு 1050 வரை முடிந்தது என்று குறித்துக்கொள்ளும். பத்து நிமிடம் கழித்து அந்த ஆறு பதிவும் வந்துசேரும். அவர் இனி 1051-லிருந்துதான் கேட்பார், அந்த ஆறையும் அவர் பார்க்கவே போவதில்லை. புகார்கூட வராது, இல்லாததை யார் புகார் சொல்வார்கள்?

அதனால் ஸ்லேவுக்கான ஃபீடில் இணைப்பு ஒன்றே ஒன்று வையுங்கள், நான்கு இணைப்பில் இணையாக அனுப்பினால் சாதாரண நேரத்திலேயே முன்பின் ஆகும். இன்னொன்று, பேக்லாக் தீரும்வரை அந்த ஸ்லேவுக்குப் புது வாசகர்களை அனுப்பாதீர்கள். இங்கேதான் ஹெல்த் செக், அதாவது சர்வர் நலமா என்று பார்க்கும் சோதனை, வருகிறது. 119 போர்ட் திறந்திருக்கிறதா, 200 அல்லது 201 என்று வரவேற்கிறதா என்று மட்டும் பார்க்கிற செக் இதற்கு உதவாது. ஃபீட் நின்று ஒரு நாள் ஆன சர்வரும் சிரித்த முகத்தோடு 200 சொல்லும். நடமாட்டம் அதிகமுள்ள நாலைந்து குழுக்களை எடுத்து, ஸ்லேவின் உச்ச எண்ணையும் மாஸ்டரின் உச்ச எண்ணையும் ஒப்பிடுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஆனால் பேக்லாக் கலந்து வரும்போது உச்ச எண் பொய் சொல்லும், அதனால் மாஸ்டர் பக்கம் இன்ஃபீடின் பேக்லாக் கோப்பில் அந்த ஸ்லேவுக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள்.


இரவுப்பணி:

ஹெச்ஏபிராக்ஸி வைத்தால் அந்த ஸ்கிரிப்ட்டை ஏஜென்ட் செக்கில் (சர்வர் தன் நிலையைத் தானே பிராக்ஸிக்குச் சொல்லும் வசதி) மாட்டிவிடலாம். எல்லாம் சரி என்றால் 100%, கொஞ்சம் பின்தங்கினால் 50%, பேக்லாக் இருந்தால் டிரெயின் என்று ஒரு வரி அனுப்பினால் போதும், பிராக்ஸி அதற்கேற்ப எடையைக் குறைத்துக்கொள்ளும். டிரெயின் என்றால் உள்ளே இருப்பவர்களை விரட்டாது, புதியவர்களை மட்டும் விடாது. ஐபி அனுமதிக்குப் பதில் எல்லாரையும் பயனர் பெயர், கடவுச்சொல்லுக்கு மாற்றிவிட்டால் தாரை கேட்ட ஐபி பிரச்சினையும் இல்லை.

லீஸ்ட்கான் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். படுத்து எழுந்த சர்வரில் இணைப்பு பூஜ்யம். எல்லாப் புதியவர்களும் அதன் மேலேயே பாய்வார்கள். அதன் மெமரியில் ஓவர்வியூ எதுவும் ஏறியிருக்காது, ஒவ்வொன்றும் டிஸ்க்குக்குப் போகும், மறுபடி படுக்கும். ஸ்லோஸ்டார்ட் என்று ஒன்று இருக்கிறது, சில நிமிடங்களில் மெல்ல மெல்ல எடையை ஏற்றும், கட்டாயம் போடுங்கள்.


அகலிகை:

தாமதமாக வருகிறேன், ஆனால் யாரும் தொடாத ஒன்று. இணைப்பு எண்ணிக்கைதான் பாரம் என்று எல்லாரும் பேசுகிறீர்கள். நியூஸ் சர்வரில் அது அரை உண்மை. ஐம்பது பேர் இணைந்து பதிவுகளை வாசித்துக்கொண்டிருக்கும்போது சர்வருக்கு வேலையே இல்லை, ஐம்பது என்என்ஆர்பிடி பிராசஸும் தூங்கும். ஒரே ஒருவர் புதிதாக வந்து, பெரிய குழுவில் "எல்லாத் தலைப்பும் கொடு" என்று ஒன்றிலிருந்து கடைசிவரை எக்ஸ்ஓவர் கேட்டால் அந்த ஒருவர் ஐம்பது பேருக்குச் சமம். லீஸ்ட்கான் இதைப் பார்க்காது. ஏஜென்ட் செக்கில் எப்படியும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதத்தானே போகிறீர்கள், டிஸ்க் காத்திருப்பையும் அதில் சேர்த்துவிடுங்கள். ஒரு பயனருக்கு இத்தனை இணைப்பு என்ற வரம்பும் வையுங்கள், ஆனால் அந்தக் கணக்கை ஒவ்வொரு சர்வரும் தனியாக வைத்தால் நான்கு என்று போட்டது பன்னிரண்டு ஆகிவிடும். எல்லா சர்வரும் பார்க்கிற ஒரு பொதுவான இடத்தில் அந்தக் கணக்கு இருக்கவேண்டும், என்என்ஆர்பிடியின் பெர்ல் அல்லது பைத்தான் ஹூக்கில் செய்யலாம்.

பின்னாளில் பைனரி குழுக்களும் எடுப்பதாக இருந்தால் இந்த முழு அமைப்பையும் மறந்துவிட்டு டையப்லோ என்ற நியூஸ் சர்வர் மென்பொருளைப் பாருங்கள், மேத்யூ டில்லன் எழுதியது. அதில் டிரீடர்டி என்ற வாசகர் சர்வர் தலைப்புகளையும் எண்களையும் மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, யாராவது பதிவைத் திறந்தால் அதன் மெசேஜ் ஐடியை வைத்துப் பின்னால் இருக்கிற ஸ்பூல் சர்வர்களிடம் வாங்கிக் கொடுக்கும். எண் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுவதால் இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கலாம். மெசேஜ் ஐடியை ஹாஷ் செய்து பதிவுகளை ஸ்பூல்களுக்குள் பிரித்துவைத்தால் ஒரு பதிவு எப்போதும் ஒரே பெட்டியிலிருந்தே வரும், அந்தப் பெட்டியின் மெமரியில் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். டெக்ஸ்ட் மட்டும் என்றால் இவ்வளவு தேவையில்லை, ஈயைக் கொல்ல பீரங்கி.


தாரை:

இப்போதைக்கு டெக்ஸ்ட் மட்டும்தான், பீரங்கி வேண்டாம். முடிவு இது: பழைய பெட்டி மாஸ்டர், மூன்றும் ஸ்லேவ், பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டுக்கும் எல்விஎஸ், மூன்றாவது டிஎன்எஸ்-ல் தனியாக. கடைசியாக ஒன்று. இப்போது இருக்கிற மூன்று எண் வரிசையிலிருந்து ஒரு வரிசைக்கு எப்படி மாறுவது? ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு எவ்வளவு வலிக்கும்?


பழைய ஃபீடர்:

ஒருமுறை வலிக்கும், தப்பிக்க வழியில்லை. ஆனால் எந்தப் பக்கம் வலிக்கவேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். படித்ததெல்லாம் மறுபடி புதிதாகத் தெரிந்தால் பயனர் முணுமுணுத்துக்கொண்டே எல்லாம் படித்தாயிற்று என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போவார். புதியதெல்லாம் படித்ததாக மறைந்துவிட்டால் அவர் சேவையே செத்துவிட்டது என்று நினைத்து விலகிவிடுவார். ஆகவே முதல் பக்கம்.

ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று சர்வரின் ஆக்டிவ் கோப்பையும் ஒப்பிட்டு, மூன்றில் பெரிய உச்ச எண் எதுவோ அதை எடுங்கள். புது மாஸ்டரின் ஆக்டிவ் கோப்பில், ஐஎன்என்டி (ஐஎன்என்-ன் முதன்மை நிரல்) நிறுத்தப்பட்டிருக்கும்போது, அதைவிட மேலே ஒரு முழு எண்ணாக எழுதிவிடுங்கள். மேலே சொன்ன குழுவில் உச்சம் 99436, ஆகவே 100000. அதற்கப்புறம் மாஸ்டரில் விழுகிற பதிவுகள் எல்லாம் 100001-லிருந்து எண் வாங்கும், யார் எந்த சர்வரிலிருந்து வந்திருந்தாலும் அவருடைய நியூஸ்ஆர்சியில் இருக்கிற எதையும்விடப் பெரிய எண். கீழே போகக்கூடாது என்பது நெறிமுறைக்கும் பொருந்துகிறது, குழுவின் குறைந்தபட்ச எண் முன்பு சொன்னதைவிடக் குறையக்கூடாது என்று ஆர்எஃப்சி 3977 சொல்கிறது.

பிறகு பழைய மூன்றில் பதிவு எதில் அதிகம் இருக்கிறதோ அதிலிருந்து, பதிவுகள் அங்கே வந்த தேதி வரிசையில், எல்லாவற்றையும் மாஸ்டருக்கு ஒருமுறை ஊட்டுங்கள். மாஸ்டரில் ஆர்ட்கட்ஆஃப் என்பதை 0 ஆக்கிவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். இயல்பாக அது 10 நாள், அதற்கு முந்தைய பதிவு எதுவாக இருந்தாலும் பழசு என்று தள்ளிவிடும், நீங்கள் இரவெல்லாம் ஊட்டிவிட்டுக் காலையில் பார்த்தால் பத்து நாள் பதிவுதான் இருக்கும். ஸ்லேவ்களிலும் அதே மாதிரி. ஸ்லேவ்களின் பழைய ஸ்பூல், ஓவர்வியூ, ஹிஸ்டரி (பார்த்த மெசேஜ் ஐடிகளின் பட்டியல்) மூன்றையும் காலி செய்துவிடுங்கள். ஹிஸ்டரியை விட்டுவைத்தால் மாஸ்டர் அனுப்புகிற ஒவ்வொன்றையும் "ஏற்கெனவே பார்த்தது" என்று மறுத்துவிடும்.

ஒரு ஸ்லேவை முதலில் முடித்து, எல்விஎஸ்-ல் அதை மட்டும் விட்டு, மற்ற இரண்டையும் அடுத்தடுத்து மாற்றுங்கள். மூன்றும் முடிகிறவரைக்கும் பழைய எண்ணில் இருக்கிற சர்வரையும் புது எண்ணில் இருக்கிற சர்வரையும் ஒரே பெயருக்குள் ஒருபோதும் சேர்த்து வைக்காதீர்கள், புது எண்ணில் ஒரு பதிவு படித்தவர் பழையதில் போய் விழுந்தால் நீங்கள் தவிர்க்க நினைத்த அந்தக் காலிக் குழுதான் அவருக்குத் தெரியும். மாற்றுகிற அன்று பாரம் ஒரே சர்வரில் இருக்கும், வாசகர்கள் குறைவாக இருக்கிற நேரமாகப் பாருங்கள். முடிந்ததும் ஆர்ட்கட்ஆஃபைப் பழையபடி 10-க்கு வையுங்கள், அதற்குமுன் எக்ஸ்பையர்.சிடிஎல்-ல் இருக்கிற ரிமெம்பர் வரியையும் (மெசேஜ் ஐடிகளை எத்தனை நாள் நினைவில் வைப்பது என்பது) ஒரு கண் பாருங்கள், அது ஆர்ட்கட்ஆஃபைவிட ஒரு நாளாவது கூட இருக்கவேண்டும். இல்லையென்றால் காலாவதியான பதிவை எந்தப் பியராவது திரும்ப அனுப்பும்போது மாஸ்டர் அதைப் புதிதென்று நினைத்து இன்னொரு எண் போட்டுவிடும்.